துக்கம் விசாரிக்கும் முறை

இரண்டு நாள்களில் 57 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழையை உள்வாங்கி இளகிப்போயிருந்த கேரளத்து வயநாட்டு மலை, 2024 ஜூலை 30-ஆம் தேதி நள்ளிரவு கடந்த பின் புஞ்சிரிமட்டத்துக்கு மேலே பிளந்து, பாறையும் சேறும் வேரோடு பெயர்ந்த மரங்களுமாக இறங்கி, உறக்கத்திலிருந்த முண்டக்கையையும் சூரல்மலையையும் வாரிக்கொண்டு போயிற்று. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். பலருடைய உடல்களைச் சாலியாறு சுமந்து சென்று, மலைக்கு அப்பால் மலப்புறம் மாவட்டத்து நிலம்பூர்க் கரைகளில் ஒதுக்கிற்று. நீலகிரியின் கூடலூரும் பந்தலூரும் அந்த மலைகளுக்கு இப்பால் இருப்பவை. தேயிலைத் தோட்டத்து வேலையாலும் கொள்வினை கொடுப்பினையாலும் இரு பக்கத்து ஜனங்களும் பிணைந்து வாழ்கிறவர்கள். மாண்டவர்களில் நீலகிரியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆகவே அன்றைய சமாசாரம் தமிழ்நாட்டுக்கு அயலார் வீட்டுச் சமாசாரமாக வரவில்லை. காலைக் காப்பி வேளையில் நடுக்கூடத்துக்கு வந்த அந்தக் காட்சிகள், வாரக்கணக்கில் கூடத்தை விட்டுப் போகவேயில்லை.

அந்நாள்களில் நம்மில் எத்தனையோ பேர் பட்ட பாட்டை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை, கூரைமேல் மழை விழும் சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்கென்றது, படுத்துக் கண்ணை மூடினால் சேறு ஓடிற்று, பிள்ளைகளைக் கண்மறைய விட மனம் ஒப்பவில்லை. இவ்வளவு அவதியும் பட்டுக்கொண்டே கை மறுபடியும் கைப்பேசியைத் தேடிற்று. பார்க்கவும் முடியவில்லை, பாராதிருக்கவும் முடியவில்லை. பார்த்தால் சித்தம் கலங்கிற்று. அணைத்துவிட்டால், செத்துக்கொண்டிருப்பவர்களை விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டதுபோன்ற ஒரு குற்ற உணர்ச்சி வருத்திற்று. நமக்கொன்றும் ஆகவில்லையே, நாம் பத்திரமாகத்தானே இருக்கிறோம், நாம் எதற்கு இப்படி உருகுகிறோம் என்று தம்மைத் தாமே கடிந்துகொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, அந்தத் துயரம் நோயுமன்று, பலவீனமுமன்று என்பது. முன்பின் அறியாத ஒருவருடைய பிள்ளை மண்ணுக்குள் கிடக்கிறது என்று கேட்டுத் தொண்டை அடைக்கிற மனிதர் இருக்கும்வரையில்தான் சமுதாயம் என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. எனக்குள்ள மனக்குறையெல்லாம், அத்துயரம் ஆறுவதற்கும் செயலாக மாறுவதற்கும் வழியே இல்லாதபடி அதை நம்மிடம் கொண்டுவந்து கொட்டுகிற முறையைப் பற்றியது.

நம் முன்னோர் துக்கம் அறியாதவர்கள் அல்லர்; பஞ்சமும் பேதியும் புயலும் கண்டவர்கள். பிறர் துக்கத்தில் பங்குகொள்வதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். இன்றும் கிராமங்களில் அது முற்றும் அழிந்துவிடவில்லை. இழவு சொல்லி ஆள் வந்தால், கைவேலையை அப்படியே போட்டுவிட்டுப் புறப்படுவார்கள். சாவு வீட்டு வாசலில், வந்தவர் இரு கைகளையும் நீட்ட, வீட்டுக்காரர் அவற்றைத் தொட்டு வாங்கிக்கொள்வார். அங்கே பேச்சு வேண்டுவதில்லை. உள்ளே பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு வட்டமாக அமர்ந்து, இறந்தவர் பேரைச் சொல்லி, அவர் குணத்தைச் சொல்லி, அவர் உழைத்த உழைப்பையும் பட்ட கடனையும்கூடச் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதனால் சம்பந்தி வீட்டாரோ பங்காளிகளோ சோறாக்கிக்கொண்டு வருவார்கள். புறப்படும்போது, போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார்கள். வீடு திரும்பியவர் நேரே உள்ளே நுழைவதில்லை. கிணற்றடியில் தலை முழுகி, உடுத்த துணியை நனைத்துப் பிழிந்து போட்ட பிறகுதான் அடுப்பங்கரைக்கும் தொட்டில் குழந்தையிடத்துக்கும் வருவார். பதினாறாம் நாள் கருமாதிக்கு மறுபடி போவார். ஆண்டு திரும்பினால் திவசத்தன்று நினைத்துக்கொள்வார். தீட்டு என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் மனித மனத்தைக் கூர்ந்து அறிந்த ஒரு விவேகம் அந்த முறைமைக்குள் இருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். போவதற்கும் திரும்புவதற்கும் அங்கே ஓர் எல்லை இருந்தது; போன இடத்தில் தொடுவதற்கு ஒரு கையும் செய்வதற்கு ஒரு காரியமும் இருந்தன; மறவாதிருப்பதற்கு நாளும் குறித்து வைக்கப்பட்டிருந்தது.

தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஒரே பகற்பொழுதில் நம்மை நூறு சாவு வீடுகளுக்கு அழைத்துச் செல்கின்றன. அங்கே நாம் நீட்டுகிற கையை வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. நாம் அழுவது அவர்களுக்குக் கேட்பதில்லை. எழுந்து வருவதற்கு ஒரு வேளை என்பது இல்லை. தலை முழுகிவிட்டு நம் வீட்டுக்குள் வருவதற்கு ஒரு கிணற்றடியும் இல்லை. ஏனெனில் நாம் நம் வீட்டைவிட்டுப் போகவேயில்லை.

அந்த வாரத்தில் என் உறவினர் வீடொன்றில் நான் நேரில் கண்டதைச் சொல்ல வேண்டும். மூதாட்டி ஒருவர், தட்டில் போட்ட இட்டிலி காய்ந்துபோவதும் தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முண்டக்கையில், பெருக்கெடுத்த வெள்ளத்தின் நடுவே சேற்றில் புதைந்து, பாறையோரத்தில் மேலெழ முடியாமல் தத்தளித்த ஒரு மனிதரின் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதரை நிலச்சரிவு நடந்த அன்றே மீட்டுவிட்டார்கள் என்பதும், ஒளிபரப்பாளர் அதை ஒருமுறை சொல்லிவிட்டுக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள் என்பதும் பலருக்கும் நினைவிருக்கும். பாட்டியின் மடியில் சாய்ந்திருந்த பேரன் தலையைத் திருப்பி, "அம்மாச்சி, அந்த மாமாவ இன்னும் யாருமே தூக்கலையா?" என்று கேட்டான். "தூக்கிட்டாங்கடா தங்கம், நேத்தே தூக்கிட்டாங்க" என்றார் அவர். "அப்ப ஏன் மறுபடியும் சேத்துக்குள்ள நிக்கிறாரு?" என்றான் பையன்.

பாட்டி பதில் சொல்லவில்லை. சிறு குழந்தைகளுக்கு, மறுபடி காட்டப்படும் காட்சி மறுபடி நடக்கும் சம்பவமாகவே தோன்றும் என்று குழந்தை உளவியல் அறிந்தவர்கள் சொல்லுவது வழக்கம். ஆனால் அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்தபோது, பெரியவர்களுடைய புத்திதான் அது பழைய காட்சி என்று அறிகிறதேயன்றி, அவர்களுடைய ஈரற்குலை அதை அறிவதில்லை என்று எனக்குத் தோன்றிற்று. ஒருமுறை மீட்கப்பட்ட மனிதர் பாட்டியின் நெஞ்சுக்குள் அன்று நாற்பது முறை புதைந்துகொண்டிருந்தார்.

இது வெறும் என் ஊகமன்று. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்த பிறகு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த அலிசன் ஹோல்மன், ராக்சேன் கோஹன் சில்வர் முதலியோர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து, ஓர் ஆய்வை 2014-இல் வெளியிட்டார்கள். சம்பவத்தை அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அச்செய்திகளில் மூழ்கியிருந்தவர்களிடம் காணப்பட்ட மனக்கலக்கத்தின் அறிகுறிகள், குண்டு வெடித்த இடத்திலோ அதனருகிலோ இருந்தவர்களிடம் காணப்பட்டவற்றைவிட மிகுந்திருந்தன என்பது அவர்கள் கண்ட செய்தி. அது மனிதர் செய்த கொடுமை, மலை செய்ததன்று; இயல்பாகவே அஞ்சும் சுபாவமுள்ளவர்கள் செய்தியை அதிகம் பார்க்கவும் கூடும்; ஆகவே இதிலிருந்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாது. ஆயினும், தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குக் காயம் படாது என்ற நம் எண்ணம் சரியன்று என்பதற்கு இவ்வளவு போதும்.

அப்படியானால் செய்தியே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றால், அதைவிடப் பெரிய தவறு வேறில்லை. செய்தி வராத காலத்தின் விலை என்னவென்பதைத் தமிழ்நாட்டுக் கடற்கரை அறியும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது. அந்தக் கோரம் வெளியுலகத்துக்குத் தெரியவே நெடுநேரமாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே கடலடியில் பூமி பிளந்தபோதும் நம் நிலை அதுவேயாயிருந்தது. அந்த அதிர்ச்சிக்கும் நம் கரையை அலை தொட்டதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது; கரையை விட்டு எழுந்து ஓடுங்கள் என்று சொல்ல அது போதும்; சொல்லுவதற்குத்தான் ஆளும் ஏற்பாடும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல்தான் தொடங்கப்பட்டது.

அதே சுனாமிக்கு நான்கு நாள் கழித்து நிகழ்ந்ததையும் மறக்கக்கூடாது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனமொன்றின் ஊகத்தை நம்பி, மற்றுமோர் அலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை டிசம்பர் 30-ஆம் தேதி விடுத்த எச்சரிக்கை, தொலைக்காட்சிகளின் வாயிலாகக் காட்டுத்தீயாய்ப் பரவிற்று. பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்களும், சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும், நான்கு நாளாகக் கடலைப் பார்க்கவே நடுங்கிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்களும், அத்தனையும் போட்டது போட்டபடி கிடக்க, உள்நாட்டுச் சாலைகளில் ஓடினார்கள். அலை வரவில்லை. நிவாரண வேலை நின்றதுதான் கண்ட பலன். ஆகவே, உயிரைக் காக்கும் எச்சரிக்கையும் ஊர்ஜிதமாகாத பீதியும் ஒரே திரையில், ஒரே சிவப்பு எழுத்தில், ஒரே குரலில் வருகின்றன என்பதைக் கேட்பவர் அறிந்திருக்க வேண்டும். வானிலை ஆய்வு மையமோ மாவட்ட ஆட்சியரோ என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் விசாரித்துவிட்டு அடுத்த காரியம் பார்ப்பவருக்கு, பத்து மணி நேரம் திரைமுன் அமர்ந்திருப்பவரைவிட அதிகமாகவே விஷயம் தெரிந்திருக்கும்.

துயரத்தைக் காட்டவே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். 2004 டிசம்பர் 28-ஆம் தேதி கடலூரில், ராய்ட்டர் நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த ஒரு படம் உண்டு. அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குக் கிடைத்தது. மண்மேல் ஒரு பெண் குப்புறக் கிடக்கிறாள். கைகள் இரண்டும் விரிந்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்க்கின்றன. படத்தின் ஓரத்தில், இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது. இறந்தவர் முகத்தை அவர் காட்டவில்லை, காட்டவும் தேவையில்லை. அந்தப் படத்தின் முன் நாம் நிற்கலாம்; கண் கலங்கலாம்; பின்பு பத்திரிகையை மடித்து வைக்கலாம். அது நம்மைப் பின்தொடர்ந்து வந்து நூறு முறை கதவைத் தட்டாது. சோக வாத்தியம் வாசிக்காது. அழுகிறவளுடைய வாயருகே ஒலிவாங்கியை நீட்டி, இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்காது. சூரல்மலைப் பள்ளியிலும் மேப்பாடி ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று, மூன்று நாள் குளிக்காமல் தூங்காமல் உண்மைச் செய்தியை அனுப்பிய நிருபர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்கள் அனுப்பியதை வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, இரவும் பகலும் சுழலவிடுகிற செய்தி அறைகளிடம் அந்த மரியாதையை வைக்க என்னால் இயலவில்லை.

இடைவிடாத காட்சியினால் விளைவது கலக்கம் மட்டுமன்று, மரத்துப்போவதும் உண்டு. ஒரே ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி உதவி கேட்டால் இளகுகிற மனம், எட்டுக் குழந்தைகளை ஒருமிக்கக் காட்டினால் அவ்வளவு இளகுவதில்லை என்று இஸ்ரேலிய ஆய்வாளர் இருவர் சோதித்துக் கண்டார்கள். எண்ணிக்கை ஏற ஏற இரக்கம் இறங்குகிற இந்தச் சங்கடத்தைப் பற்றி அமெரிக்க உளவியலறிஞர் பால் ஸ்லோவிக் நெடுங்காலமாக எழுதிவருகிறார். திரையின் மூலையில் பலியானோர் தொகை நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று மாறிக்கொண்டிருந்தபோது, அடுத்த எண் எப்போது வரும் என்று காத்திருந்த மனத்தை நம்மில் சிலராவது நமக்குள்ளேயே கண்டு திடுக்கிட்டிருப்போம். அது கல்நெஞ்சமன்று. சுமக்கக்கூடியதற்கு மேல் சுமத்தப்பட்ட உள்ளம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிற யத்தனம் அது. அந்த நிலை வருமுன்னே எழுந்துவிடுவதுதான் நம் அன்பை நாம் காத்துக்கொள்ளும் வழி.

எழுந்து என்ன செய்வது? சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டு அக்கரை துண்டிக்கப்பட்டிருந்தபோது, கூடலூரைச் சேர்ந்த செவிலியர் ஒருவர், மருந்துப் பெட்டியோடு, பொங்கி ஓடும் ஆற்றுக்கு மேலே கட்டிய கயிற்றில் தொங்கியபடி அக்கரை சென்று காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்; அவ்வாண்டுச் சுதந்திர தினத்தில் தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்தது. ராணுவத்தின் மதராஸ் பொறியாளர் படையினர் கொட்டும் மழையில் இரவு பகலாக உழைத்து, 190 அடி நீளமுள்ள இரும்புப் பாலத்தை ஆகஸ்ட் முதல் தேதி மாலைக்குள் கட்டி முடித்தனர். இடுக்கியிலிருந்து ஓர் இளம் தம்பதியர், தாயை இழந்த பச்சிளங்குழந்தைகள் இருந்தால் தாய்ப்பால் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறோம் என்று அறிவித்து, தம் சொந்தக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வயநாட்டுக்கே புறப்பட்டு வந்தார்கள். இவர்களும் நம்மைப்போல் அந்தச் செய்தியைக் கேட்டு நெஞ்சு பதைத்தவர்களே. ஆனால் அந்தப் பதைப்புக்கு உடனே ஒரு காரியம் கிடைத்துவிட்டது.

எல்லோரும் கயிற்றில் தொங்கி ஆறு கடக்க இயலாது. எல்லோரும் அங்கே போகவும் கூடாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களால் மீட்பு வேலை தடைப்படுகிறது, தயவுசெய்து வராதீர்கள் என்று கேரளப் போலீசார் அப்போது வேண்டிக்கொள்ள நேர்ந்தது. இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடியவை ஏராளம். இயன்ற தொகையை முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அனுப்பலாம். அனுப்பியபின் மனம் சற்று இலேசாவதை உணர்ந்து வெட்கப்பட வேண்டியதில்லை, அது இயற்கை. அந்தப் பக்கத்தில் உறவினரை வைத்துக்கொண்டு தவிக்கிற அண்டை வீட்டாரிடம் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். தனியாக வாழ்கிற முதியவர்கள் பகலெல்லாம் செய்தித் திரையோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு ஒரு வேளை சாப்பிடலாம். இவ்வளவு பேர் செத்துக் கிடக்கையில் நாம் சிரிக்கலாமா, பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பாயசம் வைக்கலாமா என்று மறுகுகிறவர்கள், வைக்கட்டும். அந்தப் பாயசத்தை நிறுத்துவதால் ஒருவர் துயரமும் குறையப்போவதில்லை.

செய்தியைக் காலையில் ஒருமுறை பத்திரிகையிலும், மாலையில் ஒருமுறை தொலைக்காட்சியிலோ வானொலியிலோ அரைமணி அறிந்துகொண்டால் போதும் என்பது என் அபிப்பிராயம். நம் ஊருக்கே ஆபத்து வரும் நாள்கள் இதற்கு விலக்கு. அறிந்தபின் எழுந்து கைகால் முகம் கழுவிக்கொண்டு வேறொரு வேலையில் இறங்குவது நல்லது. அதைச் சடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். குழந்தைகளுக்குக் காட்சியைக் காட்டாமல், நடந்ததை நம் வாயால் சொல்ல வேண்டும். என்ன ஆயிற்று, யார் யார் உதவிக்குப் போயிருக்கிறார்கள், நம் வீடு பத்திரமாக இருக்கிறது என்று அவர்கள் கேட்குமட்டும் சொல்ல வேண்டும். படுக்கையில் கைப்பேசி வேண்டாம். சுனாமியிலோ வெள்ளத்திலோ தாமே தப்பிப் பிழைத்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் கண்ணில் அலையும் வெள்ளமும் படாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தாரின் கடமை. 2011-இல் ஜப்பானைச் சுனாமி தாக்கிய காட்சிகள் உலகெங்கும் ஓடியபோது நம் கடற்கரைக் குப்பங்களில் அவற்றைப் பார்த்தவர்களின் நிலை என்னவாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வாரங்கள் கடந்தும் தூக்கமும் உணவும் திரும்பவில்லையென்றால், மத்திய அரசின் டெலிமானஸ் மனநல சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பதினாறாம் நாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் வழி செய்யவேண்டியவை பத்திரிகைகள். வயநாட்டுப் புத்துமலையில், 2019-இலேயே ஒரு நிலச்சரிவு கண்ட அதே புத்துமலையில், அடையாளம் தெரியாத உடல்களும் உடற்பகுதிகளும் சர்வமதப் பிரார்த்தனையோடு புதைக்கப்பட்டு, பெயருக்குப் பதில் எண் எழுதிய கற்கள் நடப்பட்டன. மரபணுச் சோதனை முடிய முடிய, உறவினர்கள் அந்த எண்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். வீடிழந்தவர்களுக்காகக் கல்பற்றாவில் எல்ஸ்டன் தேயிலைத் தோட்டத்து நிலத்தில் புதிய குடியிருப்புக்கு 2025 மார்ச் 27-ஆம் தேதி கேரள முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். ஜூலை 30-இல் கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்து உருகிய நம்மில் எத்தனை பேருக்கு இவை தெரியும்? சேற்றில் நின்ற மனிதரை நூறு முறை பார்த்த நாம், அந்தக் குடியிருப்பில் சுவர் எழுவதை ஒரு முறையாவது பார்த்திருக்கிறோமா? தமிழ்ப் பத்திரிகைகள், இந்தப் பத்திரிகை உட்பட, பேரிடர் நடந்த பதினாறாம் நாளிலும், மூன்றாம் மாதத்திலும், ஆண்டு நிறைவிலும், முதல் நாள் கொடுத்த அதே முதற்பக்கத்தில் இடம் ஒதுக்கி, எத்தனை வீடு முடிந்தது, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள், வாக்களித்த பணம் வந்துசேர்ந்ததா என்று எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதைப் படிக்கிறவர்கள் முதல் நாள் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காகவே இருக்கலாம். அந்த ஒரு பங்கினருக்காகவே அதை எழுத வேண்டும்.